கல்வெட்டு வேண்டாம், அண்டா வாங்குவோம்

எங்கள் நகர் குடியிருப்போர் நலச் சங்கத்தின் தலைவர் ஐயா, செயலாளர் தம்பி, பொருளாளர் அம்மா, செயற்குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

தென்பெண்ணை ஆற்றுக்குத் தெற்கே, கடலூரில், உங்கள் சங்கத்தில் சந்தா பாக்கி இல்லாமல் இருக்கிற ஓர் உறுப்பினன் எழுதுகிறேன். கல்யாணச் சமையல் என் தொழில். நகரில் எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவீர்கள்.

சென்ற பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் படித்தீர்கள். வெள்ள நிவாரணத்துக்கு வெளியூர்களிலிருந்து வந்த நன்கொடையில் செலவு போக மிச்சம் இருக்கிறது. அதில் நகர் முகப்பில் கருங்கல் பலகை வைத்து, உதவியவர்களின் பெயர்களைப் பொன்னெழுத்தில் பொறிக்க வேண்டும். திறப்பு விழா, சால்வை, ஒரு பிரமுகர். கைதட்டி நிறைவேற்றினீர்கள். நான் எழுந்து மறுத்துப் பேச ஆரம்பித்தபோது, "மாஸ்டர், சாப்பாடு ஆறிடும், அப்புறம் பேசலாம்" என்று உட்கார வைத்துவிட்டீர்கள். அன்றைய சாப்பாட்டைச் செய்தவனே நான்தான். இன்னும் ஒரு மணி நேரத்துக்கு அது ஆறாது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் சபை மரியாதைக்காக உட்கார்ந்தேன்.

அங்கே சொல்ல விடாததை இங்கே எல்லோரும் படிக்க எழுதுகிறேன். நம் நகரில் மட்டும் உள்ள சங்கதி இல்லை இது. ஆற்றின் இரண்டு பக்கமும், பாகூர் வரைக்கும், நிவாரணப் பணத்தில் மிச்சம் வைத்திருக்கும் சங்கங்கள் சில உண்டு. அவர்களும் இப்போது கல்லுக்கு விலை கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

2024 நவம்பர் 30 ராத்திரி பெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. மறுநாள் காலைக்குள் புதுச்சேரியில் 48 சென்டிமீட்டர் மழை. அங்கே ராணுவம் படகோடு இறங்கி ஆட்களை மீட்டது. நாம் அதை டிவியில் பார்த்து, நமக்குப் பரவாயில்லை என்று கொஞ்சம் நிம்மதியாகத்தான் இருந்தோம். டிசம்பர் 2 விடியுமுன் சாத்தனூர் அணையில் விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்தார்கள். மழை விட்ட பிறகு, வெயில்கூட லேசாக எட்டிப் பார்த்த பிறகு, ஆறு ஊருக்குள் வந்தது. உச்சிமேடு, நாணமேடு, கண்டக்காடு, தாழங்குடா, குண்டு உப்பலவாடி, பெரியகங்கணாங்குப்பம் என்று ஒரு வரிசையே தண்ணீரில் நின்றது. நம் நகரில் கீழ்த்தளம் என்று ஒன்று இருந்ததே தெரியாமல் போயிற்று. உங்களுக்குத் தெரியாததைச் சொல்லவில்லை. மொட்டை மாடியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள்தானே நீங்களும்.

முதலில் வந்தது உணவுப் பொட்டலம். கொடுத்த மனசைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனால் சமையல்காரனாகச் சொல்கிறேன், காலையில் சுடச்சுடக் கவரில் அடைத்த சாம்பார் சாதம் மத்தியானம் வந்து சேரும்போது ஊசிப்போயிருந்தது. பிரித்தால் நூல் விட்டது. பிள்ளைகளுக்குக் கொடுக்காமல் ஓரமாக வைத்தோம். பிறகு பிரெட், பிஸ்கட், மறுபடி பிரெட். மூன்றாம் நாள் யார் வீட்டிலும் பிரெட்டைத் தொட ஆள் இல்லை. எல்லோரும் தேடியது மண்வெட்டி.

தண்ணீர் வடிந்தபின் வீட்டுக்குள் எவ்வளவு சேறு இருக்கும் என்பது அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். என் சமையல் கொட்டகையில் முழங்கால் அளவு வண்டல். காய்ந்தால் இறுகிவிடும், பிறகு கடப்பாரைதான். ஈரமாக இருக்கும்போதே வாரி எறிய வேண்டும், அதற்கு ஆள் வேண்டும். வீட்டு ஆட்களுக்கோ இடுப்பு ஒடிந்து கிடந்தது. அப்போதுதான் பட்டுக்கோட்டைப் பக்கமிருந்து ஒரு மினி லாரி வந்தது. மண்வெட்டி, பாண்டு, துடைப்பம், பிளீச்சிங் பவுடர் மூட்டை, மேலே ஏழெட்டுப் பையன்கள். பேனர் இல்லை. தெருவில் முதல் வீட்டிலிருந்து ஆரம்பித்து வரிசையாக வாரிக் கொட்டிக்கொண்டே வந்தார்கள். என் கொட்டகையில் சேற்றுக்குள் புதைந்து கிடந்த ஜல்லிக்கரண்டியை ஒரு பையன் காலால் தடவி எடுத்துத் தன் சட்டையில் துடைத்து என் கையில் கொடுத்தான். மோர் கரைத்துக் கொடுத்தேன். எந்த இயக்கம் தம்பி என்று கேட்டதற்கு அவன் சொன்னது:

"இயக்கமெல்லாம் இல்லண்ணே. கஜா அப்ப உங்க பக்கத்து ஆளுங்கதான் எங்க தெருவுல கம்பம் நட்டுக் கரண்டு குடுத்தாங்க. கடலூரா நெய்வேலியான்னு சரியாத் தெரியல. அம்மாதான் போயிட்டு வாங்கடான்னு அனுப்புச்சு."

அந்தப் பையன் பெயரை நான் கேட்டுக்கொள்ளவில்லை. உங்கள் நன்கொடைப் பட்டியலிலும் அவன் இல்லை, பணம் கொடுக்கவில்லையே. கல்லில் யார் பெயர் வரும், யார் பெயர் வராது என்பதற்கு இது ஒன்றே போதும் என்று நினைக்கிறேன்.

அவன் சொன்னதற்கும் ஒரு முன்கதை இருக்கிறது. 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் நமக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரை ஏறியது. பண்ருட்டிப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்த வருடம். கிராமங்களில் வாரக்கணக்கில் இருட்டு. அப்போது வெளி மாவட்டங்களிலிருந்து மின்வாரியத் தொழிலாளர்கள் வந்தார்கள். பள்ளிக்கூடத்தில் படுத்து, பொங்கலுக்குக்கூட வீட்டுக்குப் போகாமல் வயலுக்குள் இறங்கிக் கம்பம் நட்டார்கள். அவர்களில் ஒரு குழுவுக்குச் சமைத்துப் போட்டவன் நான். சம்பளம் வாங்கவில்லை என்று பெருமைக்குச் சொல்லவில்லை. ஊரே சேர்ந்து அரிசி பருப்பு கொடுத்தது, எனக்கும் அந்த மாதம் கல்யாண வேலை இல்லை. ஏழு வருடம் கழித்து 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா வேதாரண்யம் பக்கம் அடித்தபோது நம் பக்கத்துத் தொழிலாளர்கள் அங்கே போனார்கள். தானேயில் வந்தவர்கள் யார், கஜாவுக்குப் போனவர்கள் யார் என்று எவரும் கணக்கு ஒத்துப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஒத்துப் போயிருக்கவும் போவதில்லை. கொடுத்தது ஓர் ஊர், திருப்பி வாங்கியது வேறோர் ஊர்.

கல்யாண மண்டபத்தில் பிழைக்கிறவன் என்பதால் எனக்கு இப்படித்தான் தோன்றுகிறது: நீங்கள் வைக்கப்போவது கல்லில் எழுதிய மொய் நோட்டு. மொய்யில் தப்பு ஒன்றும் இல்லை. யார் எவ்வளவு எழுதினார்களோ, அவர்கள் வீட்டு விசேஷத்தில் ஒரு பத்து ரூபாய் கூடச் சேர்த்துத் திருப்பி எழுதுகிறோம், கணக்கு நேராகிறது. வெள்ளத்தில் வாங்கிய உதவியை அப்படித் திருப்ப முடியுமா? கொடுத்தவருக்கே திருப்பிச் செய்ய வேண்டுமென்றால் அவர் வீட்டுக்குள்ளும் ஆறு வர வேண்டும். அப்படி யாராவது வேண்டிக்கொள்வோமா? இந்தக் கடன் வேறு யாருக்கோதான் தீர்க்கக் கிடக்கிறது. அந்த யாரோ இன்றைக்கு நன்றாகத்தான் இருப்பார்கள், வரும் ஐப்பசியிலோ கார்த்திகையிலோ நமக்குத் தெரியவரும்.

நன்றி மறக்கக் கூடாது, நாளைக்குப் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும் என்று தலைவர் ஐயா சொன்னார். அவர் தலைமையாசிரியராக இருந்தவர், பிள்ளைகளைப் பற்றி அவருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாது. ஆனால் பெற்றவர்களைப் பற்றி ஒன்று சொல்வேன். நிவாரண வரிசையில் நம் தெருவில் சிலர் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். சிலர் வரவே இல்லை, வேலைக்கார அம்மாவை அனுப்பினார்கள். கொடுத்துப் பழகிய கைகள் அவை. அவர்கள் தினமும் பஸ் ஏறப் போகும் வழியில், இன்னார் கொடுத்தார் என்று பெரிய எழுத்தில் இருக்கும். கொடுத்தவர் பெயரை வெட்டினால், வாங்கியவர் பெயரை வெட்டாமலே எல்லோரும் படித்துவிடுவார்கள். நன்கொடையாளர்களுக்கு நன்றிக் கடிதம் போடுவோம், போனில் கூப்பிட்டுச் சொல்வோம், கணக்கை விவரமாக அனுப்புவோம். அதற்கு நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

தவிர, கல் மிதந்து கரை சேர்ந்த கதை உள்ள ஊர் நம்முடையது. அப்பர் கரையேறிய இடமென்று வண்டிப்பாளையத்தில் கரையேறவிட்டகுப்பம் இன்றும் இருக்கிறது. அது அப்பரைக் கட்டிப் போட்ட கல். நீங்கள் ஆர்டர் கொடுக்கும் கல் அடுத்த வெள்ளத்தில் நிச்சயம் மூழ்கும்.

செயலாளர் தம்பி எழுப்பிய கேள்வி நியாயமானது. நமக்கென்று வந்த பணத்தை நாமாக வெளியூருக்குச் செலவு செய்யலாமா, நாளைக்குத் தணிக்கையில் பதில் சொல்ல வேண்டுமே என்றார். சரிதான். அப்படியானால் கல்லுக்கும் செலவு செய்யக் கூடாது, அது எந்த வகையில் நிவாரணம்? கொடுத்தவர்களிடமே கேட்டுவிடலாம். மிச்சம் இருக்கிறது, இதை அடுத்து பாதிக்கப்படும் ஊருக்கான பொருளாக வாங்கி வைக்கலாமா என்று எழுதிக் கேட்போம். வேண்டாம் என்று எவராவது சொன்னால் அவர் பங்கை அவருக்கே அனுப்பிவிடுவோம். நன்கொடை கேட்க போன் செய்த நமக்கு இதைக் கேட்கவும் போன் செய்யத் தெரியும்.

இனி சொல்லப்போவது கொஞ்சம் கசப்பாக இருக்கும். அடுத்த ஊர் இருக்கட்டும், அடுத்த வீட்டைப் பற்றிப் பேசுவோம்.

நம் நகரின் கடைசித் தெருவில் பாதி கட்டி நிற்கும் வீட்டில் ஒடிசாவிலிருந்து வந்த கட்டடத் தொழிலாளர்கள் தங்கியிருந்தார்களே, நினைவிருக்கிறதா? தண்ணீர் ஏறிய நேரத்தில் நடக்க முடியாத பெரியவர்களை முதுகில் சுமந்து மாடிக்குக் கொண்டுபோய் விட்டவர்கள் அவர்கள். பொருளாளர் அம்மாவின் மாமியாரைத் தூக்கிப் போனதும் அவர்கள்தான், அம்மாவே சொல்லியிருக்கிறார்கள். மறுநாள் சங்கம் டோக்கன் அச்சடித்தது. சந்தா கட்டிய வீட்டுக்கு மஞ்சள், வாடகைக்கு இருப்பவர்களுக்கு, மிச்சம் இருந்தால், வெள்ளை. அந்தத் தொழிலாளர்களுக்கு எந்த நிறமும் இல்லை. வரிசைக்குப் பக்கத்தில் சுவரோரம் நின்றார்கள், கேட்கவில்லை, பிறகு போய்விட்டார்கள். ஆற்றங்கரைப் புறம்போக்கில் இருக்கும் இருளர் குடும்பங்களுக்கும் இதே கதை. அவர்கள் நகர் எல்லைக்கு வெளியே என்று வரைபடத்தைக் காட்டினார் ஒருவர். தண்ணீர் வந்தபோது வரைபடம் பார்த்து வந்ததா?

அரசாங்கம் கார்டு இருந்தால்தான் கொடுக்கும். அதற்கு ஒரு முறை இருக்கிறது. நம் பக்கம் குடும்ப அட்டைக்கு 2000 ரூபாய் கிடைத்தது. பாலத்தைத் தாண்டிப் புதுச்சேரியில் 5000. ஒரே ஆற்றுத் தண்ணீர், அந்தக் கரைக்கு ஒரு விலை, இந்தக் கரைக்கு ஒரு விலை என்று டீக்கடையில் பேசிச் சலித்தாயிற்று. ஆனால் கார்டு இல்லாதவனைப் பார்க்கத்தானே ஊர்க்காரன் என்று ஒருவன் வேண்டும்? சங்கமும் கார்டு கேட்டால் சங்கம் எதற்கு? வெளியிலிருந்து வந்தவர்கள் ஒருவர்கூட நம்மிடம் சந்தா ரசீது கேட்கவில்லை.

வடலூர் நமக்குக் கூப்பிடு தூரம். வள்ளலார் 1867 மே 23-ஆம் தேதி சத்திய தருமச்சாலையில் மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. தைப்பூசத்துக்கு அங்கே காய் நறுக்கப் போகிற வழக்கம் எனக்கு உண்டு. அரிசி வந்துகொண்டே இருக்கிறது, வெந்துகொண்டே இருக்கிறது. இலையில் உட்காருகிறவரிடம் சாதியும் கேட்பதில்லை, ஊரும் கேட்பதில்லை. நம் மாவட்டத்திலேயே இப்படி ஓர் இடத்தை வைத்துக்கொண்டு நாம் இரண்டு நிறத்தில் டோக்கன் அச்சடித்தோம்.

சரி, என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். எனக்குத் தெரிந்த தொழிலிலிருந்து சொல்கிறேன்.

சமைத்த சாப்பாட்டை நூறு கிலோமீட்டர் கொண்டுபோவதை விட்டுவிட்டு, சமையலையே கொண்டுபோக வேண்டும். பெரிய அண்டா நான்கு, தவலை, சிப்பல், அன்னக்கூடை, கரண்டி வகை, இரண்டு பர்னர் அடுப்பு, மழைக்குத் தாங்கும் கனத்த தார்ப்பாய். இவ்வளவும் ஒரு மினி லாரியில் அடங்கும். 100 பேருக்கு சாம்பார் சாதம் என்றால் 10 கிலோ அரிசி, மூன்றரைக் கிலோ துவரம்பருப்பு போதும், சுடச்சுட இலையில் போடலாம். முதல் நாள் பொட்டலம்தான் முடியும் என்கிற இடத்துக்குப் புளிசாதம் அனுப்புங்கள். நல்லெண்ணெய் தாராளமாக விட்டு, நன்றாக ஆறவிட்டுக் கட்டினால் மறுநாளும் நிற்கும். தேங்காய் சேர்த்த எதையும் அனுப்பாதீர்கள். சிலிண்டரும் அரிசியும் அந்தந்த ஊர்ப் பக்கத்துக் கடையில் வாங்கிக்கொள்ளலாம், அங்குள்ள கடைக்காரரும் அந்தப் புயலில் அடிபட்டவராகத்தான் இருப்பார்.

இந்தப் பாத்திரங்களைப் பூட்டி வைத்தால் வீணாய்ப் போகும். புழங்காத அண்டாவில் பல்லி முட்டையிடும், வேண்டிய அன்றைக்குச் சாவி இருக்காது. அதனால் வருடம் முழுக்க நம் நகர் விசேஷங்களுக்கு வாடகைக்கு விடுவோம். வாடகைப் பணம் ஈயம் பூசவும் பர்னர் ரிப்பேருக்கும் ஆகும். ஐப்பசி பிறந்தால் எல்லாம் சங்கக் கட்டடத்தின் மாடிக்கு, கவனியுங்கள், மாடிக்கு, வந்துவிட வேண்டும். தை பிறக்கும் வரை யார் வீட்டுக் கல்யாணமானாலும் தரக்கூடாது. நானே கேட்டாலும் தராதீர்கள்.

கூடவே மண்வெட்டியும் பாண்டும் வாங்குங்கள். பெண்களுக்கு நாப்கினும் நைட்டியும், கைக்குழந்தை வீட்டுக்குப் பால் பவுடரும் என்னென்ன அளவில் என்று பொருளாளர் அம்மா பட்டியல் போடட்டும், ஆண்கள் போட்டால் மறந்துவிடுவோம். பழைய துணி மட்டும் வாங்கவே வாங்காதீர்கள். 2004 சுனாமிக்குப் பிறகு நம் கடற்கரை ஊர்களில் ரோட்டோரம் குவிந்து கிடந்து மழையில் நனைந்து நாறிய துணி மூட்டைகளைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உறவையும் வீட்டையும் ஒரே காலையில் கடலுக்குக் கொடுத்துவிட்டு நின்ற தேவனாம்பட்டினத்துப் பெண்களிடம், கிழிந்த துணியை நீட்டினால் அவர்கள் எப்படி வாங்குவார்கள்?

போகும்போது எங்கே போவது என்பதும் முக்கியம். நிவாரண லாரிகள் நெடுஞ்சாலை ஓரத்திலேயே காலியாகிவிடும். ரோட்டோரத்து ஊருக்கு மூன்று முறை கிடைக்கும், நான்கு கிலோமீட்டர் உள்ளே இருக்கும் ஊருக்கு ஒன்றும் வராது. நாம் இரண்டையும் பார்த்திருக்கிறோம். புறப்படுமுன் அந்தப் பக்கத்து வி.ஏ.ஓ.விடமோ, பள்ளிக்கூட ஆசிரியரிடமோ, கடலோரமானால் ஊர்ப் பஞ்சாயத்தாரிடமோ பேசி, இதுவரை வண்டி போகாத ஊர் எது, அங்கே இப்போது வேண்டியது என்ன என்று கேட்டுவிட்டுக் கிளம்பலாம். கார்டு இல்லாதவர்கள் யார் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். அப்புறம் ஒரு வேண்டுகோள், செயலாளர் தம்பிக்குப் பிடிக்காது: வாங்குகிறவர் கையையும் முகத்தையும் போட்டோ எடுக்க வேண்டாம். கணக்குக்கு வேண்டுமென்றால் அண்டாவைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், அதற்கு வெட்கம் கிடையாது.

யார் போவது என்று கேட்டால், சமையலுக்கு நானும் என் ஆட்கள் மூன்று பேரும் வருகிறோம், கூலி வேண்டாம். முன்பணம் வாங்கிய முகூர்த்த நாளாக இருந்தால் மட்டும் அதை முடித்துவிட்டு மறுநாள் வருவேன், அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். சேறு வாரக் கடைசித் தெருப் பையன்கள் தயாராக இருக்கிறார்கள், பேசிவிட்டேன். ஒடிசாத் தொழிலாளர்கள் இப்போது பக்கத்து நகரில் வேலை செய்கிறார்கள். அவர்களைப் போய்ப் பார்த்து, டோக்கன் விஷயத்துக்கு வருத்தம் தெரிவிப்பதைத் தலைவர் ஐயா நேரில் செய்தால் நன்றாக இருக்கும். நான் போய்ச் சொன்னால் அது சங்கம் சொன்னதாக ஆகாது.

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான். கல்லுக்கு இன்னும் முன்பணம் கொடுக்கவில்லை என்று அறிகிறேன், கொடுக்க வேண்டாம். ஆடி மாதக் கூட்டத்தில் இதை முதல் பொருளாக எடுங்கள், சாப்பாட்டுக்கு முன்னால். வாடகைக்கு இருப்பவர்களையும் அந்தக் கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள். ஓட்டு வேண்டுமானால் இல்லாமல் போகட்டும், பேச உரிமை கொடுங்கள்.

பாத்திரப் பட்டியலைத் தனியாக எழுதி அலுவலகத்தில் கொடுத்திருக்கிறேன். ஆடித் தள்ளுபடி முடிவதற்குள் வாங்கினால்தான் விலை படியும், ஆவணி முகூர்த்தம் ஆரம்பித்துவிட்டால் கடைக்காரர் ஒரு ரூபாய் குறைக்க மாட்டார். அலுமினியத்தில் கனம் குறைந்ததைத் தலையில் கட்டிவிடுவார்கள், அதனால் நானும் கூட வருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் சங்க உறுப்பினன்,
சமையல் மாஸ்டர்,
கடலூர்